பயம் ஏழு

இப்படி உக்காருங்க தம்பி. பைய நான் கீழ எடுத்து வச்சிக்கிறேன். அந்தப் பக்கம் வெயில் அடிக்கும், இங்கன இன்னும் கொஞ்ச நேரத்துக்கு நெழலு இருக்கும். உள்ள யாரைச் சேத்திருக்கீக? அப்பாவா? கண்ணுல புரையா? புரைன்னா கவலையே படாதீக. போன சுருக்குல கண்ணுல பச்சத்துணியக் கட்டிக்கிட்டு வந்திருவாக. எங்களது அப்படி இல்ல. எங்க வீட்டுக்காரி உள்ள இருக்கா, கண்ணுக்கு மருந்து விட்டு உக்கார வச்சிருக்காக. ஒரு காகிதத்துல நான் கையெழுத்துப் போடணும். அரை மணி நேரம் குடுங்கன்னு கேட்டுட்டு வெளிய வந்தேன்.

மணி என்ன? பதினொண்ணு இருபதா. இருக்கு, நேரம் இருக்கு.

உங்களக் கூப்பிட்டதுக்குக் காரணம் உங்க கையில இருக்கிற புஸ்தகந்தான். அட்டையில மாடு முட்டிக்கிட்டு நிக்கிதுல்ல, தூரத்துலயே தெரிஞ்சிருச்சு. ஷேர் மார்க்கெட்டுல மனச எப்படி வச்சிக்கிடணும்னு சொல்றதுதான? எத்தனையாவது பக்கத்துல இருக்கீக? எழுவதா. அப்ப நோட்டுப் போடச் சொல்ற எடம் இன்னும் வந்திருக்காது. வரும். எந்தப் புஸ்தகத்த எடுத்தாலும் பாதிக்கு மேல அது வந்திரும்.

பெருமைக்குச் சொல்லல, வீட்டுல முப்பத்தெட்டு இருக்கு. பாதி ஷேர் மார்க்கெட்டு, பாதி தொழில் முன்னேற்றம். வாங்கி அலமாரியில அடுக்குற ஆளு நான் இல்ல. ஸ்கேல் வச்சு அடிக்கோடு போட்டுத்தான் படிச்சிருக்கேன். செகப்புக் கோடுன்னா மனப்பாடம் பண்ண வேண்டியது, நீலக் கோடுன்னா அன்னைக்கே செஞ்சு பாக்க வேண்டியது. ஆனா ஒண்ணு சொல்றேன் தம்பி, முப்பத்தெட்டையும் சேத்துப் பிழிஞ்சாலும் ஒரு சொட்டுதான் வரும். மார்க்கெட்டு ஒண்ணும் பண்ணாது, உன் பயமும் உன் ஆசையுந்தான் உன்னயக் கவுக்கும். அவ்வளவுதான். இத ஒருத்தர் முன்னூறு பக்கத்துல சொல்வாரு, ஒருத்தர் நூத்தம்பதுல சொல்வாரு.

எங்களுக்குக் கோவில்பட்டி. தீப்பெட்டி ஆபீஸ்ல இருபத்தாறு வருசம் கணக்கப்பிள்ளை. ஆபீஸ்னா பேக்டரிதான், எங்க பக்கம் அப்படித்தான் சொல்லுவோம். என்கூட கூடலிங்கம்னு ஒருத்தன் வேலை பாத்தான். மொதப் புஸ்தகம் அவன் குடுத்ததுதான். சம்பளம் வாங்குறவன் மாசத்துல ஒரு நாளுதான் உயிரோட இருக்கான்னு அதுல போட்டிருந்துச்சு. எனக்குச் சுருக்குனு ஆயிருச்சு. ஒரு வாரம் தூக்கம் இல்ல. ஆறே மாசத்துல வேலைய விட்டுட்டேன். புஸ்தகத்தக் குடுத்த கூடலிங்கம் விடல. அவன் இன்னைக்கும் அங்கனதான் இருக்கான். போன மாசம் சம்பளம் கூட்டிக் குடுத்தாகளாம்.

எங்க வீட்டுல பேரு செண்பகவல்லி. ஜாக்கெட்டுத் தைப்பா. நல்லாத் தைப்பா, பொய் சொல்லக் கூடாது. மத்தியானமானா எங்க வாசல்ல நாலு சோடி செருப்பாவது கெடக்கும். துணி குடுக்க ஒரு நாளு வருவாக, பேச மூணு நாளு வருவாக. பழைய ஜாக்கெட்ட ரெண்டு தையல் பிரிச்சு விடுன்னு வருவாக, கொக்கி வச்சுக் குடுன்னு வருவாக. அதுக்கெல்லாம் இவ காசும் வாங்க மாட்டா. நான் வேலைய விட்டு வீட்டுல இருந்தப்பதான் இதையெல்லாம் கவனிச்சேன். இத இப்படியே விடக் கூடாதுன்னு தோணிச்சு. தொழில் முன்னேற்றப் புஸ்தகத்துல என்ன சொல்றான், நூறு பேரு வந்தா அதுல இருவது பேருதான் எம்பது பங்கு வருமானம் தருவான், மத்தவன நீ தூக்கிச் சொமக்காதங்கான். நான் உக்காந்து பேரு எழுதி லிஸ்டு போட்டேன். பிரிச்சுத் தைக்கிற ஆளுகள இனிமே வரவேணாம்னு சொல்லுன்னேன். அவ சொல்லல. நானே சொன்னேன்.

வாசல்ல செருப்புக் கொறஞ்சிருச்சு. கல்யாண வீட்டு ஜாக்கெட்டும் சேந்தே போயிருச்சு. ஏன்னா அந்தப் பழைய துணிக்காரிக வீட்டுலதான தம்பி கல்யாணம் வரும். இது எந்தப் புஸ்தகத்துலயும் இல்ல, நானாக் கண்டுபிடிச்சது.

சரி, இது போனா அடுத்ததுன்னு ஆரி ஒர்க் பண்ணச் சொன்னேன். தெரியும்ல, சட்டத்துல துணிய இழுத்துக் கட்டி ஊசியால பாசி, ஜரிகையெல்லாம் கோத்துக் கோத்து எடுக்கிறது. ஒரு ஜாக்கெட்டுக்கே பத்து ஜாக்கெட்டுக் கூலி. வெலை கூடுன பொருள விக்கிறவன்தான் மொதலாளின்னு நீலக் கோடு போட்டு வச்சிருந்தேன். அவளுக்கு அப்பவே நாப்பத்தொம்பது வயசு. போன்ல பாத்துப் பாத்தே ரெண்டு வாரத்துல கத்துக்கிட்டா. காலையில சட்டத்துக்கு முன்னால குனிஞ்சான்னா சாயங்காலம் வெளக்குப் போடுற வரைக்கும் குனிஞ்சுதான் இருப்பா.

இத எதுக்குச் சொல்றேன்னா, நாளைக்கு யாராவது உங்ககிட்ட வந்து, அவரு பாசி கோக்கச் சொல்லித்தான் அந்தம்மாவுக்குக் கண்ணு போச்சுன்னு சொல்லிரக் கூடாது. டாக்டர்கிட்ட நான் மொத நாளே கேட்டுட்டேன். ஊசி வேலையாலயா சார்னு. இல்லங்க, சர்க்கரைதான், ஊசி வேலைக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லன்னுட்டாரு. எம் மகளும் பக்கத்துல நின்னு கேட்டா. ரெண்டாவது வாட்டி போனப்பயும் கேட்டேன். அதே பதில்தான்.

இந்தப் பக்கம் நான் கம்ப்யூட்டர் ஒண்ணு வாங்கிப் போட்டு மார்க்கெட்ட ஆரம்பிச்சேன். ஆரம்பத்துல நல்லாத்தான் போச்சு. எல்லாருக்கும் ஆரம்பத்துல நல்லாத்தான் போகுமாம், அதுவும் போட்டிருக்கான். உனக்குன்னு விதி எழுதி வச்சிக்க, எழுதினத மீறாதன்னு எல்லாப் புஸ்தகமும் சொல்லுது. நான் பதினோரு விதி எழுதி செவத்துல ஒட்டினேன். பத்து அவுக சொன்னது. பதினோராவது என்னது. ராகு காலத்துல வாங்கவும் கூடாது, விக்கவும் கூடாது. சிரிக்காதீக தம்பி. புதன்கெழமை பன்னண்டுலேர்ந்து ஒண்ணரை கைய எடுத்திருவேன். வியாழன் ஒண்ணரையிலேர்ந்து மூணு. வெள்ளி பத்தரைக்கு எந்திரிச்சுக் குளிக்கப் போயிருவேன். திங்கக்கெழமை மட்டுந்தான் சுத்தமான நாளு. மார்க்கெட்டு தொறக்கிறதுக்கு முன்னாலயே ராகு காலம் முடிஞ்சிரும்.

விதியிலயே பெரிய விதி நோட்டுதான். தெனமும் காலையில மார்க்கெட்டு தொறக்க முன்னால, நீ எப்படி இருக்கேன்னு உன் மனசக் கேட்டு எழுதணும். பயம் எவ்வளவு, ஆசை எவ்வளவு, கோபம் எவ்வளவு. பத்துக்கு எத்தனைன்னு மார்க்குப் போடணும். பயம் அஞ்சுக்கு மேல போச்சுன்னா அன்னைக்கு எந்த முடிவும் எடுக்கக் கூடாது. கம்ப்யூட்டரயே தொடக் கூடாது. நான் நீள நோட்டு ஒண்ணு வாங்கி கட்டம் போட்டேன். கணக்கப்பிள்ளைல்ல, கட்டம் நல்லா வரும். எழுதி பிரிட்ஜு மேல வச்சிருவேன்.

ஒரு நாளு சாயங்காலம் இவ வந்தா. மிசினுக்கு மோட்டார் வச்சிக்கிடலாமாங்க, காலு வலிக்குதுன்னு கேட்டா. அன்னைக்கு எனக்குப் பயம் ஏழு. நோட்ட எடுத்துக் காட்டினேன். பாரு, அஞ்சுக்கு மேல இருக்கு, இன்னைக்கு முடிவு எதுவும் கேக்காத. இது மார்க்கெட்டுக்கு மட்டும் இல்ல, வாழ்க்கைக்கே இதுதான்னேன். சரிங்கன்னுட்டுப் போயிட்டா.

அவ்வளவுதான் தம்பி நடந்தது. நான் சத்தம் போடல, திட்டல, ஒண்ணும் இல்ல. சொன்னேன், அவ்வளவுதான்.

நாலு நாளு கழிச்சு மறுபடி கேட்டா. அன்னைக்குப் பயம் மூணுதான் போட்டிருந்தேன். சரி, வையின்னுட்டேன். அதுக்கப்புறம் பாருங்க, எது கேக்கணும்னாலும் சரியா நல்ல நாளாப் பாத்துத்தான் கேப்பா. மக வளைகாப்புக்கு எத்தனை பேரக் கூப்பிடலாம்னு கேட்டப்ப ரெண்டு. அவ தம்பி வீட்டுக்கு மொய் என்ன வைக்கன்னு கேட்டப்ப மூணு. ரெண்டு வருசத்துல ஒரு தடவகூடத் தப்பான நேரத்துல வாயைத் தொறந்ததில்ல. எனக்கு அவ்வளவு சந்தோசம். புஸ்தகம் படிக்காமலே இவளுக்குக் கட்டுப்பாடு வந்திருச்சேன்னு கூடலிங்கத்துட்டகூடச் சொல்லியிருக்கேன். எம் பொண்டாட்டிக்கு இருக்கிறதுல பாதி உனக்கு இருந்தா நீயும் வேலைய விட்டிருப்படேன்னு சொன்னேன்.

அவ நோட்ட எடுத்துப் பாக்கான்னு எனக்குத் தோணவே இல்ல.

மணி என்ன தம்பி? நாப்பதா. ஒரு டீ குடிக்கிறீகளா? வேணாமா. எனக்கும் வேணாம்.

பங்குனி மாசம் அடி விழுந்துச்சு. திங்கக்கெழமைதான். அந்தச் சுத்தமான நாளு. நட்டத்தச் சீக்கிரம் வெட்டி எறி, லாபத்த ஓட விடுங்கான்ல, தெரியும், செகப்புக் கோடு, மனப்பாடம். ஆனா சரிஞ்சுக்கிட்டே போறப்ப வெரலு போக மாட்டேங்குது. இப்பத் திரும்பிரும், இப்பத் திரும்பிரும்னு பாத்துக்கிட்டே இருந்தேன். வேலைய விட்டப்ப வந்த பணத்துல பாதிக்கு மேல ஒரே காலையில போயிருச்சு. பக்கத்துல உக்காந்து பாசி கோத்துக்கிட்டுத்தான் இருந்தா. என்னங்க வேர்த்திருக்குன்னா. பேனப் போடுன்னேன்.

அதோட என்னால வாங்கவும் முடியல, விக்கவும் முடியல. ஆனா வீட்டுல சும்மா உக்காந்தா என்னன்னு கேப்பால்ல. அதனால தெனமும் ஒம்பதே காலுக்குக் கம்ப்யூட்டர் முன்னால உக்காந்திருவேன். வெறுமன பாத்துக்கிட்டு இருப்பேன். மூணரைக்கு எந்திரிச்சிருவேன். ஏன் ஒண்ணும் செய்யலன்னு கேட்டா காட்டுறதுக்கு நோட்டு வேணும்ல. அதுக்கு ஒரு வழி பண்ணினேன். ஞாயித்துக்கெழமை டீயைக் குடிச்சிக்கிட்டே அந்த வாரம் அஞ்சு நாளைக்கும் சேத்து எழுதி வச்சிருவேன். பயம் ஏழு, ஏழு, எட்டு, ஏழு, ஏழு. எட்டு எதுக்குன்னா, எல்லாமே ஏழா இருந்தா பொய்யா எழுதின மாதிரித் தெரியும்ல.

இத நான் யார்ட்டயும் சொன்னதில்ல தம்பி. உங்ககிட்டதான் சொல்றேன். நீங்க எந்த ஊரோ, நான் எந்த ஊரோ.

நெசத்தச் சொன்னா அந்த நாலு மாசமும் எனக்குப் பயமே கெடையாது. பயமும் இல்ல, கோபமும் இல்ல. மரத்துப் போயிக் கெடந்தேன். சோத்தப் போட்டா தின்பேன். நோட்டுல பயத்துக்கு முட்டை மார்க்குத்தான் போட்டிருக்கணும், கணக்குப்படி பாத்தா.

ஆடிக்கு எம் மக வந்தா. ஓசூர்ல கட்டிக் குடுத்திருக்கு, முத்துச்செல்வின்னு பேரு. வந்த அன்னைக்கே, என்னம்மா பச்ச ஜாக்கெட்ட ஊதா நூல வச்சுத் தச்சிருக்கன்னு கேட்டா. இவ சிரிச்சு மழுப்பியிருக்கா. அவ விடல. அம்மா ஊசியில நூலு கோக்கிறதப் பக்கத்துல நின்னு பாத்திருக்கா. இவ ஊசியையே பாக்கலயாம், வெரலாலயே தடவித் தடவிக் கோத்திருக்கா. அப்புறம் ஒவ்வொண்ணா வெளிய வந்துச்சு. பங்குனி கடைசியிலேர்ந்தே வலது கண்ணுல முடி விழுந்த மாதிரி கருப்பா ஓடியிருக்கு. சித்திரையில அது கொத்துக் கொத்தா ஆயிருக்கு. வைகாசியில ஒரு ஓரமாப் படுதா எறங்குன மாதிரி. ஆனியில முழுசா எறங்கிருச்சு. எடது கண்ண வச்சு ஒப்பேத்திக்கிட்டு இருந்திருக்கா. அந்த ஒரு கண்ண வச்சுத்தான் தம்பி மூணு கல்யாண ஜாக்கெட்டு ஆரி ஒர்க் முடிச்சுக் குடுத்திருக்கா. அதுல ஒரு கொறையும் யாரும் சொல்லல.

இங்க கூட்டிட்டு வந்தோம். டாக்டர் வெளக்க அடிச்சுப் பாத்துட்டு, மொத மாசமே வந்திருந்தா லேசர் வச்சே நிப்பாட்டியிருக்கலாமேன்னாரு. இப்ப வலது கண்ணுக்கு ஒண்ணும் செய்றதுக்கில்ல, மிச்சம் இருக்கிறதக் காப்பாத்துவோம்னாரு. எனக்கு அப்ப என்ன ஓடிச்சு தெரியுமா மண்டைக்குள்ள? நட்டத்த வெட்டி எறி. அந்த எடத்துலயே, அவ கையப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறப்ப, அந்த வரிதான் ஓடிச்சு. செகப்புக் கோட்டோட. எனக்கே என்னைய அருவருப்பா இருந்துச்சு.

வெளிய வராந்தாவுல வச்சு எம் மக அவளப் பிடிச்சுக் கத்துனா. ஏம்மா ஒரு வார்த்த சொல்லல, நாலு மாசம் என்ன பண்ணிக்கிட்டிருந்தன்னு. அதுக்கு இவ சொல்லுதா, அப்பா நோட்டுல அஞ்சுக்குக் கீழ எறங்கவே இல்லடி. எறங்கட்டும், சொல்லிக்கிடலாம்னு தெனமும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். ஒரு நாளு எட்டுன்னு போட்டிருந்தாரு, எனக்குத் திக்குனு ஆயிருச்சு, பாவம் மனுசன் என்னத்தப் போட்டு ஒளப்பிக்கிட்டு இருக்காரோன்னு அன்னைக்குத் தேங்காப்பால் எடுத்துச் சொதி வச்சுக் குடுத்தேன்னு.

எனக்கு ஞாபகம் இருக்கு தம்பி. புதன்கெழமை நடு வாரத்துல என்னடா சொதி வச்சிருக்கா, எதுவும் விசேசமான்னு நெனச்சேன். நெனச்சேன், கேக்கல. ரெண்டு தடவ வாங்கித் தின்னேன்.

இப்ப நீங்க சொல்லுங்க. நீங்க படிச்ச பிள்ள. அடுத்தவுக நோட்ட எடுத்துப் பாக்கலாமா? புருசன் நோட்டா இருந்தாலும் அது அவன் நோட்டுத்தான? பாத்ததுதான் பாத்தா, என்கிட்ட வந்து, என்னங்க இத்தன நாளா ஏழா இருக்கு, என்ன விசயம்னு கேட்டிருக்கலாம்ல? வாய் இருக்குல்ல? நான் என்ன அடிக்கவா போறேன்? கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன். சொல்லியிருப்பேன்னுதான் நெனைக்கிறேன். இவ்வளவுக்கும் நான் நோட்ட பிரிட்ஜு மேல வச்சதுதான் தப்பு. கம்ப்யூட்டர் மேசைக்குள்ள வச்சுப் பூட்டுன்னு ஒரு புஸ்தகத்துல தெளிவாப் போட்டிருந்தான். பூட்டுச் சாவி இல்லாத மேசை, அதான் வைக்கல.

இதுக்கு மேல ஒண்ணு இருக்கு. அவளுக்கு இன்னும் அந்த ஞாயித்துக்கெழமை விசயம் தெரியாது. நான் நெசமாவே நாலு மாசம் பயந்து கெடந்தேன்னுதான் நெனச்சிக்கிட்டு இருக்கா. ராத்திரி படுத்திருக்கிறப்ப சொல்லுதா, எனக்குக் கண்ணுதான போச்சு, நீங்க நாலு மாசமா நெஞ்சுக்குள்ள என்னத்த வச்சிருந்தீகளோ, அத நான் கேக்காம விட்டுட்டேனேன்னு. என்கிட்டயே சொல்லுதா. தூங்குன்னேன்.

காலையில எந்திரிச்சா இப்ப அவளால நோட்டப் படிக்க முடியாதுல்ல. எடது கண்ணுலயும் மங்கல் வந்திருச்சு, போர்டுல பெரிய எழுத்துன்னா தெரியும், பேனா எழுத்து தெரியாது. அதனால வாயாலயே கேக்கா. என்னங்க, இன்னைக்கு எத்தனைன்னு. நான் ரெண்டும்பேன். தெனமும் ரெண்டுதான். நோட்டு எழுதி மூணு மாசமாச்சு.

போன வாரம் எடது கண்ணுலயும் ரத்தம் கசிஞ்சிருச்சு. இன்னைக்குக் காலையில பாத்துட்டு டாக்டர் சொல்லிட்டாரு. ஆபரேசன் பண்ணணும், இன்னைக்கே பண்ணினா நல்லது, மதியம் வரைக்கும் தியேட்டர்ல இருப்பேன், விட்டா வெள்ளிக்கெழமைதான், அதுக்குள்ள கண்ணுக்குப் பின்னால இருக்கிற சவ்வு பிரிஞ்சிருச்சுன்னா ஒண்ணும் பண்ண முடியாதுன்னாரு. பண்ணினா சரியாயிருமா சார்னேன். நூத்துக்கு அறுபது இருக்கு, உத்தரவாதம் கெடையாது, பண்ணாம விட்டா எது நடக்கும்னு உங்களுக்கே தெரியும்னாரு. நல்ல மனுசன், மறைக்காமச் சொல்லுதாரு. காகிதத்த நீட்டினாக. அவ என் பக்கம் திரும்பிப் பாத்தா. பாத்தான்னு என்ன, நான் நிக்கிற பக்கம் மொகத்த வச்சா. நீங்க சொல்லுங்கன்னா.

பேனாவ எடுத்துட்டேன் தம்பி. எடுத்ததும் உள்ளுக்குள்ள ஒருத்தன் கேக்கான், இப்ப எத்தனைன்னு. எவ்வளவுன்னு நெனைக்கிறீக? ஏழு. நெசமான ஏழு. ஞாயித்துக்கெழமை எழுதின ஏழு இல்ல. ஒம்பதுன்னுகூடச் சொல்லலாம். கை அப்படியே நின்னுருச்சு. ஒம்பதுல முடிவெடுத்து அது தப்பாப் போச்சுன்னா? இருக்கிற கொஞ்ச வெளிச்சமும் என் கையெழுத்தால போச்சுன்னா? மனசு ஆடுறப்ப எடுக்கிற முடிவு எல்லாம் நட்டத்துல முடியும்னு முப்பத்தெட்டுப் பேரும் எழுதியிருக்கான். முப்பத்தெட்டுப் பேருமா பொய் சொல்லுவான்? கொஞ்சம் காத்தாட இருந்துட்டு, யார்ட்டயாவது நாலு வார்த்த பேசினா எறங்கிரும்னு வெளிய வந்தேன். நீங்க புஸ்தகத்தோட நின்னீக.

எறங்கல. பேசப் பேச ஏறுது.

என்ன சொல்றீக? போயிப் போட்டுருங்கன்றீகளா? உங்க வயசுக்குச் சொல்லுவீக. மணி என்ன? பன்னண்டு அடிச்சிருச்சா? அடடா. புதன்கெழமை தம்பி இன்னைக்கு. பன்னண்டுலேர்ந்து ஒண்ணரை. கொஞ்சம் முந்தியே போயிருக்கணும், பேச்சுல விட்டுட்டேன். இல்ல, மதியம்னா டாக்டர் ரெண்டு மணி வரைக்கும் இருக்க மாட்டாரா? ஒண்ணு முப்பத்தஞ்சுக்குப் போயிப் போட்டுர்றேன். எத்தனை இருந்தாலும் போட்டுர்றேன். கண்டிப்பாப் போட்டுர்றேன்.

இருங்க, அந்த நர்சுப் பிள்ளை என்னையத்தான் தேடுதுன்னு நெனைக்கிறேன். இங்கன இருக்கேம்மா. ஆமா, செண்பகவல்லி வீட்டுக்காரர்தான்.

"உங்கள எங்கெல்லாம் சார் தேடுறது? கேண்டீன், மருந்துக் கடை எல்லாம் பாத்துட்டு வர்றேன். அம்மாவ தியேட்டருக்குள்ள கூட்டிட்டுப் போயாச்சு."

நான் இன்னும் கையெழுத்துப் போடலயேம்மா.

"அவங்களே போட்டுட்டாங்க. நோயாளியே போடலாம் சார், அது போதும். கொஞ்ச நேரம் உங்களுக்காகப் பாத்தாங்க. அப்புறம் பேனா குடும்மான்னாங்க."

எப்ப போட்டா? இப்பவா? பன்னண்டுக்கு மேலயா?

"மணியெல்லாம் நான் பாக்கல சார். எங்க போடணும்னு வெரல வச்சுக் காட்டுனேன். பயமா இருக்காம்மான்னு டாக்டர் கேட்டாரு. ஆமா டாக்டர், ரொம்பப் பயமா இருக்குன்னு சொல்லிக்கிட்டே போட்டாங்க. நீங்க தியேட்டர் வாசல்ல வந்து உக்காருங்க, முடிஞ்சதும் உங்களத்தான் கூப்பிடுவாங்க."

கேட்டீகளா தம்பி. சொல்லிக்கிட்டே போட்டாளாம். கல்யாணம் ஆயி இருபத்தொம்பது வருசம். அவ பயமா இருக்குன்னு சொல்லி நான் ஒரு நாளும் கேட்டதில்ல. இன்னைக்குத்தான் சொல்லியிருக்கா, அதுவும் டாக்டர்ட்ட. நான் இங்கன உக்காந்து எனக்கு எத்தனைன்னு பாத்துக்கிட்டு இருந்திருக்கேன்.

வாரேன் தம்பி. அப்பாவப் பாத்துக்கிடுங்க. எம்மா, இரும்மா, போயிராத. தியேட்டர் எந்தப் பக்கம்னு காட்டிட்டுப் போ. நாலு மாசமா வாரோம், எனக்கு இங்க வழி தெரியாது. அவதான் போர்டு போர்டாக் கிட்டப் போயிப் பாத்து, ஆளக் கேட்டு, முன்னால நடப்பா. நான் பின்னாலயே போவேன்.